இல்யா சொன்ன சாட்சி

வெள்ளைத் தோலைக் கண்டால் போதும், பாஸ்டர் சுரேந்தருக்கு விசுவாசம் தானாக ஊறும். அப்படித்தான் அவர் கண்ணில் இல்யா பட்டான். ரஷ்யாவில் போருக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியபோது தப்பி, சுற்றுலா விசாவில் மைசூருக்கு வந்து கோகுலம் பகுதியில் அறை எடுத்திருந்தவன். அவன் யோகா பயின்ற இடத்தில் வரவேற்பில் வேலை பார்த்த கொள்ளேகால் ஊர்க்காரி நிர்மலாதான் அவனைப் பாஸ்டரின் சபையில் நடக்கும் தமிழ் ஆராதனைக்கு அழைத்து வந்தாள். கடைசி வரிசையில் கண்மூடி ஜெபித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவான்.

வார்டு கவுன்சிலர் வந்த ஞாயிறன்று பாஸ்டர் அவனை மேடையேற்றினார். ரஷ்யா நமக்கு நட்பு நாடு, கிறிஸ்தவ நாடு, அது நடத்துவது பரிசுத்த யுத்தம் என்று நாலு வார்த்தை பேசச் சொன்னார். அவன் ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழில் மொழிபெயர்க்க நிர்மலா நின்றாள்.

இல்யா வேறொன்றைப் பேசினான். அவன் ஊர்ப் பாதிரியார் துப்பாக்கிகள்மேல் புனித நீர் தெளித்தாராம். கொலை செய்யாதே என்று வேதம் சொல்கிறதே என்று இவன் கேட்டதற்கு, பீடத்தில் நின்றபடியே துரோகி என்றாராம்.

பாஸ்டர் நிர்மலாவின் காதருகே குனிந்து, இந்தியாவில் சமாதானமாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லச் சொன்னார். அவள் ஒரு வார்த்தை விடாமல் இல்யா பேசியதையே சொன்னாள். கவுன்சிலர் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் கடுகடுத்தார். வெளிநாட்டுக்காரன் அரசியல் பேசினால் போலீஸ் வரும் என்றார். சிங்கங்கள் அடைபட்ட கெபிக்குள் வீசப்பட்டபோது தானியேல் காட்டிய தைரியத்தைப் பற்றிப் போன வாரம்தான் தொண்டை கிழியக் கத்திய மனிதர்.

ஆனாலும் சாயங்காலம் சபையின் ஃபேஸ்புக்கில் மைக்கோடு நிற்கும் இல்யாவின் படத்தைப் போட்டுவிட்டார். இல்யா அதை நிர்மலாவிடம் காட்டினான். அவன் அம்மா இன்னும் ரஷ்யாவில்தான் இருக்கிறாள், படம் அங்குள்ள அதிகாரிகள் கண்ணில் பட்டால் அவள் கதவைத்தான் தட்டுவார்கள் என்றான்.

நிர்மலா நேரே பாஸ்டர் வீட்டுக்குப் போனாள். எத்தனை பேர் லைக் போட்டிருக்கிறார்கள், எப்படி எடுப்பது, அந்த அம்மாவைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார் அவர்.

"டூரிஸ்ட் விசாவுல வந்தவங்க சபையில பேசக்கூடாதுங்க. அவரை மேடையேத்துனது யாருன்னு போலீசுல நானே சொல்லிப்போடுவனுங்க," என்றாள். "இப்பவே எடுங்க."

கர்த்தரின் ஊழியக்காரர் உடனே செல்போனை எடுத்தார். படம் போனது. காபி குடிக்கிறாயாம்மா என்று அசட்டுச் சிரிப்போடு கேட்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

அடுத்த ஞாயிறு இருவரும் இல்யாவின் அறையிலேயே ஜெபித்தார்கள். பாஸ்டருக்காகவும் ஜெபிக்கலாமா என்று இல்யா கேட்டான். நீ ஜெபி, நான் ஆமென் சொல்ல மாட்டேன் என்றாள் நிர்மலா.