பக்கத்துச் சீற்

உள்ளங்கை நீளமே உள்ள ஒரு காரின் கண்ணாடியில், உள்ளேயிருந்து யாரோ மூச்சு விட்டதுபோல வெள்ளையாய்ப் பனிப்புகார் படிந்திருப்பதை நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

ஸ்ரீதரன் பார்த்தார். ஒரு சனிக்கிழமை காலை, தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து மேசை லைற்றைப் போட்டபோது. மூன்று மாதமாய்ச் செய்துகொண்டிருந்த சாம்பல் நிறக் கொரோலா முதல்நாள் விட்ட இடத்திலேயே நின்றது. முன்கண்ணாடி தெளிவு. பின்கண்ணாடியும் தெளிவு. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் வெளுத்துப்போய்க் கிடந்தது. விரலால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. உள்பக்கம் படிந்திருந்தது.

காரணம் அவருக்குத் தெரியாமலில்லை. சுப்பர் குளூப் பசை காய்கிறபோது ஓர் ஆவி விடும். அடைத்த இடமென்றால் அந்த ஆவி போக வழியில்லாமல் பக்கத்தில் இருக்கிற கண்ணாடியில் போய்ப் படியும். மொடல் கார் செய்கிறவன் முதல் மாதத்திலேயே படிக்கிற பாடம் அது. கண்ணாடிக்குக் கிட்ட வெள்ளைப் பசைதான் பூசவேண்டும், காய ஒரு முழுநாள் எடுத்தாலும். இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாளும் பிழைக்காத கை, நேற்று அந்தக் கண்ணாடி கழன்று விழுந்த அவசரத்தில் ஒரு துளி சுப்பர் குளூவை வைத்துவிட்டது. அவ்வளவுதான். ஆனாலும் ஸ்ரீதரன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கனநேரம் கதிரையில் இருக்காமலே நின்றார். ஏனென்றால் கூட்டாளி சச்சிதானந்தனை அவன் காருக்குள் பிணமாய்க் கண்டுபிடித்தபோதும் கண்ணாடியெல்லாம் இப்படித்தான் இருந்ததாம். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மைனஸ் பதினாறு. பிளாசாவுக்குச் சாமான் வாங்க வந்த சனம், உள்ளே யாரோ நித்திரை கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தால் போய் வந்திருக்கிறது.

நாளை அவன் செத்து ஒரு வருடம் நிறைகிற ஆட்டைத் திவசம். போன கார்த்திகையில் அவன் மனைவி பாலேஸ்வரி ஃபோன் எடுத்துத்தான் இந்தக் காரைக் கேட்டாள். "ஸ்ரீ அண்ணை, படைக்கேக்கை அவருக்கு விருப்பமானதெல்லாம் வைக்கவேணுமெல்லே. வடை வைப்பன், இறால் வைக்கேலாது, ஐயர் வருவார். அந்த மனிசனுக்கு என்னைவிட விருப்பம் உந்தக் கார்தான். அதையும் வித்துப்போட்டம். நீங்கள் சின்னனாய் ஒண்டு செய்து தருவியளோ?" ஸ்ரீதரன் ஓம் என்றார். அவளிடம் வேறு எதையும் சொல்ல அவருக்கு வாய் இல்லை.

கத்தி முனையால் பழுதான கண்ணாடியை மெல்லக் கிளப்பி எடுத்தார். பிஸ்கற் பெட்டியின் தெளிவான பிளாஸ்ரிக்கில் புதிய ஒன்றை வெட்டி, அரத்தாளால் ஓரம் தீட்டத் தொடங்கினார். இந்தக் காருக்கென்று பாகங்கள் அடைத்த கிற் பெட்டி கிடையாது. யப்பானிலிருந்து கிட்டத்தட்ட இதே உருவமுள்ள ஒரு கிற்றைத் தபாலில் எடுத்து, வெட்டி, நிரப்பி, தேய்த்து இதாக்கியிருந்தார். யப்பான் கிற்றென்றால் ஊரைப்போல ஸ்ரியரிங் வலப்பக்கம். டாஷ்போர்டை நடுவாலே அரிந்து திருப்பி, இந்த நாட்டுக் காரைப்போல இடப்பக்கமாக்க மட்டும் இரண்டு வாரம் போனது. வெளிப்பக்கத்துக்குச் சச்சியின் மகள் கஜனி அனுப்பிய படங்கள் இருந்தன. உள்பக்கத்துக்குப் படமில்லை. அதை மனதிலிருந்துதான் செய்தார். அந்தக் காரின் உள்பக்கத்தை அவரைவிட நன்றாய் அறிந்த ஆள் இல்லை.

சச்சியும் அவரும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஆறு பேரோடு ஒரே அறையில் கிடந்த காலத்துக் கூட்டு. சச்சி கலியாணம் கட்டினான், பிள்ளைகளைப் பெற்றான், ராக்சிக் கார் ஓடினான். ஸ்ரீதரன் ஒன்றும் கட்டவில்லை, மில்லிக்கனில் ஒரு வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற் அறை, ஒஷாவாவில் கார்ப் பாட்ஸ் கொம்பனி வேலை, இந்தக் கார்கள். "டேய், ஊரிலை சைக்கிளுக்கு வழியில்லாதவன், இஞ்சை நாப்பது கார் வைச்சிருக்கிறான்" என்று சச்சி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவான். சீட்டு விளையாடுகையில் தோற்கப்போகிறான் என்று தெரிந்தால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, என்னவோ செய்யுது" என்று கதிரையில் சரிவான். எல்லோரும் சிரிப்பார்கள். முப்பது வருடப் பகிடி அது. அவனுடைய கடைசி நாளிலும் ஸ்ரீதரன் அதைப் பகிடியென்றுதான் நினைத்தார்.

அன்று அவர்கள் சண்டை பிடித்தது பழைய மாணவர் சங்கத்துக்காக. சங்கம் இரண்டாய் உடைந்திருந்தது. செயலாளர் பதவிக்குச் சச்சி நின்றான். ஸ்ரீதரன் மற்றப் பக்கத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டார் என்று யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். உண்மைதான், வைத்திருந்தார். சச்சியின் காருக்குள், ஸ்ரீல்ஸ் றோட்டில் தொடங்கிய சண்டை பிளாசா வரைக்கும் வந்தது. கார் நின்றபோது சச்சி ஸ்ரியரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மற்றக் கையால் நெஞ்சைப் பொத்தினான்.

"நெஞ்சுக்கை என்னவோ செய்யுதடா."

"நடிக்காதை."

ஸ்ரீதரன் இறங்கிப் பஸ் எடுத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

செத்தவீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றைத்தான். பாவம், போற நேரத்திலை பக்கத்திலை ஒருத்தருமில்லை. தான் கூட இருந்ததை ஸ்ரீதரன் முதல் மணித்தியாலத்தில் சொல்லியிருக்கலாம். பெட்டிக்குப் பக்கத்தில் பாலேஸ்வரி இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது சொல்லியிருக்கலாம். அந்தியேட்டிச் சடங்கிலும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாள் போகப்போக அந்தச் சொல்லின் பாரம் கூடியது. அதற்குப் பிறகு அவர் எந்தக் காரிலும் முன்னுக்கு இருக்கவில்லை. வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகிற அகஸ்ரின், "துரை பின்னுக்குத்தான் இருப்பார், நான் அவர்ர டிரைவர்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரிப்பான். இவரும் சிரிப்பார். பின்னாலிருந்து பார்க்கிறபோது முன்சீற் வெறுமையாய் இருக்கவேண்டும். ஆனால் சில நாட்களில் அங்கே தன்னுடைய பிடரியே தெரிகிறதுபோல இருக்கும்.

பாலேஸ்வரி இரண்டரைக்கு வந்தாள். பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, கொண்டுவந்த மரக்கறிச் சோற்றைக் குசினியில் வைத்தாள். கட்டையான மனுஷி, கதிரையில் இருந்தால் கால் நிலத்தில் முட்டாது. ஸ்ரீதரன் காரை ஒரு வெள்ளைத் துவாயில் வைத்து முன்னால் நகர்த்தினார். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"ஐயோ அண்ணை! கஜனி சைக்கிளாலை இடிச்ச கீறல்கூடக் கிடக்கு."

"அதை விட்டால் அவன்ர கார் இல்லையே."

"உந்தத் தொங்கிற பிள்ளையார்? உவருக்குத் தும்பிக்கை எங்கை?"

"கிடக்குது, வடிவாய்ப் பாரும். இரண்டு நாள் மினக்கெட்டனான் உந்தத் தும்பிக்கையோடை."

அவள் சிரித்தாள். ஒரு வருடத்தில் அவள் சிரித்து அவர் காணவில்லை. பிறகு ஃபோனில் இருந்த ரோச்சைப் போட்டு, புதிதாய் வைத்த கண்ணாடி வழியாக உள்ளே அடித்துப் பார்த்தாள். வெளிச்சம் ஸ்ரியரிங்கில் நின்றது, கியரில் நின்றது, அந்தப் பக்கம் போனது. போய் அங்கேயே நின்றது.

"பக்கத்துச் சீற் ஏன் உவ்வளவு பின்னுக்குக் கிடக்கு?"

ஸ்ரீதரன் குனிந்து பார்த்தார். கிடந்தது. டிரைவர் சீற்றை விட ஒரு நெல்லளவு பின்னுக்கு. தை மாதத்தில் ஒரு பின்னேரம் ரேடியோ கேட்டுக்கொண்டு ஒட்டியிருந்தார். அளவெடுத்த ஞாபகமில்லை. முழங்காலுக்கும் டாஷ்போர்டுக்கும் இடையில் எவ்வளவு இடமிருந்தது என்று கை தானாய் அறிந்து வைத்திருந்தது. கண்ணால் கண்டபடியே ஒட்டியிருக்கிறேன், வேறு ஒருதரும் காணாததை, என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அது, யப்பான் கிற்றெல்லே," என்றார். "அங்கை டிரைவர் வலப்பக்கம். டிரைவர்ர சீற் பின்னுக்குத்தான் வரும். நான் மாத்த மறந்துபோனன்."

நல்ல பொய். அதில் பாதி உண்மையும் இருந்தது. பாலேஸ்வரி ரோச்சை அணைத்தாள். மூச்சை விட்டாள். விட்ட மூச்சு நீளமாய்ப் போனது.

"அப்ப சரி," என்றாள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சீலைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "அண்ணை, பொலிஸ் காரைத் தந்த அண்டைக்கு நான் தனியப் போய் அதுக்குள்ளை இருந்தனான். என்ர சீற்றிலை. கால் எட்டேல்லை. சீற் பின்னுக்குக் கிடந்துது. பதினோரு வருசமா ஒருத்தரும் அதை அசைக்கிறேல்லை, அவர் அசைக்க விடார். என்ர மனிசி கட்டை, பிறகு புறுபுறுக்கும் எண்டுவார். அப்ப ஆர் இருந்தது?"

ஸ்ரீதரன் துவாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

"ஒரு வருசமா அந்தச் சீற்றிலை ஒருத்தியை இருத்தி வைச்சிருக்கிறன். முகமில்லை அவளுக்கு. கால் மட்டும் நீளம். பிள்ளையளுக்கும் சொல்லேல்லை, ஆருக்கும் சொல்லேல்லை. படத்துக்கு விளக்குக் கொளுத்தேக்கை அவளுக்கும் சேத்துக் கொளுத்திறன்போலை கிடக்கும். இப்ப உதிலையும் அப்பிடியே கிடக்கக் கண்டோண்ணை என்ர நெஞ்சு திக்கெண்டுது. நீங்கள் யப்பான் எண்டு சொல்லுறியள். எனக்குத்தான் விசர்." அவள் சிரிக்கப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு வரவில்லை.

மேலே வீட்டுக்காரரின் குளிர்சாதனப்பெட்டி உறுமி ஓய்ந்தது. ஸ்ரீதரன் மேசையில் இருந்த அரத்தாளை நாலாய் மடித்தார். பொய் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அவள் நம்பியும் விட்டாள். ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தால் போதும். சச்சியின் பக்கத்தில் அந்த நீளக் கால்காரி இன்னுமொரு இருபது வருடம் இருப்பாள், சாகும்வரை பாலேஸ்வரி அவளுக்கும் விளக்குக் கொளுத்துவாள்.

"பாலேஸ்," என்றார். "அது நான்."

"எது நீங்கள்?"

"அண்டைக்கு அதிலை இருந்தது. காலை முடக்கிக்கொண்டு இருக்கேலாமல் நான்தான் இழுத்துப் பின்னுக்கு விட்டனான். டேய், பாலேஸ் கத்தும் எண்டு சச்சி சொன்னவன். அதுக்கும் சேத்து ஏசினனான்."

எல்லாவற்றையும் சொன்னார். சங்கம், கையெழுத்து, ஸ்ரீல்ஸ் றோட்டு, பிளாசா. நெஞ்சைப் பொத்தியதையும் சொன்னார். தான் சொன்ன அந்த ஒரு சொல்லையும் சொன்னார். சொல்லும்போது தன் குரல் கடையில் சாமான் கேட்கிறவன் குரல் மாதிரி இருந்தது அவருக்கே பயமாயிருந்தது. அவள் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினை மணிக்கு இறங்கினனீங்கள்?"

"மூண்டேகால் இருக்கும்."

"அவரைக் கண்டது நாலு மணிக்கு."

"ஓம்."

"கதவை அடிச்சே சாத்தினனீங்கள்?"

"அடிச்சுத்தான்."

"திரும்பிப் பாத்தனீங்களோ?"

"இல்லை, பாலேஸ்."

அவள் எழுந்தாள். வாசலுக்குப் போய்ப் பூட்ஸைப் போட்டாள். ஒரு பூட்ஸின் சிப் சிக்கிக்கொண்டது, இழுத்தாள், வரவில்லை. ஸ்ரீதரன் கிட்டப் போய்க் குனிந்தார். "வேண்டாம்," என்றாள், அண்ணை என்று சேர்க்காமல். சிப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் படியேறிப் போனாள். கார் துவாயில் நின்றது.

அன்று பின்னேரம் ஸ்ரீதரன் காரின் கூரையைக் கிளப்பினார். மெல்லிய கத்தியைச் சீற்றுக்குக் கீழே கொடுத்தார். ஒரு தள்ளுத் தள்ளினால் கழன்று வந்துவிடும். ஒரு நெல்லளவு முன்னுக்கு நகர்த்தி ஒட்டினால் பாலேஸ்வரியின் கால் எட்டும். கத்தியைப் பிடித்தபடி இருந்தார், கை மரத்துப்போகும்வரை. பிறகு கத்தியை எடுத்துவிட்டுக் கூரையை மூடினார். சோற்றைச் சூடாக்காமல் தின்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கஜனி வந்தாள். "அங்கிள், அம்மா காரை வாங்கிக்கொண்டு வரச் சொன்னவ. எதையும் ஃபிக்ஸ் பண்ணவேண்டாமாம், அப்பிடியே வேணுமாம்," என்றாள். திவசத்துக்கு வாங்கோ என்று சொல்லவில்லை. ஸ்ரீதரன் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் கடதாசி அடைத்துக் காரை வைத்துக் கொடுத்தார். அவள் அதைத் தன் காரின் பின்சீற்றில், வாழையிலைக் கட்டுக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு ஓட்டிக்கொண்டு போனாள்.