பலகைச் சுவர் இல்லாத தீவு

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு ஃபிளாட்டின் ஹாலைப் பிளைவுட் பலகையால் இரண்டாக்கி, அதில் ஒரு பாதிக்கு 'ஃபேமிலி ரூம்' என்று பெயர் வைத்த மகராசன் நிச்சயம் கல்யாணம் ஆகாதவனாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பாதியில்தான் அருள்முருகனும் பானுப்பிரியாவும் கல்யாணமானதிலிருந்து குடித்தனம் நடத்தினார்கள். மறுபாதியில் கீழக்கரை முகம்மது சித்தீக்கும் அவர் மனைவி நஜீஹாவும். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து கஷாயம் வரும். அதனால் கொஞ்சல், சண்டை, சமாதானம் எல்லாமே கிசுகிசுப்பில்தான்.

சூப்பர் மார்க்கெட் குலுக்கலில் பானுவுக்குப் பரிசு விழுந்தது. குக்கர் விழுந்திருந்தால் புழங்கவாவது செய்யலாம். விழுந்தது, பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவுக்கு ஜோடிப் பயணம்!

"பீச் பாக்கவா தம்பி இவ்வளவு தூரம்?" பலகைக்கு அந்தப் பக்கமிருந்து சித்தீக் கேட்டார். "இங்கன அல் கான் பீச்சுக்கே பஸ்ஸு போகுதே."

"அங்க ஆளே இருக்க மாட்டாங்களாம் பாய்."

"அப்ப யாருகிட்டதான் பேசுவீங்க?"

அருள் உடனே லீவு போட்டான். அதுவே பானுவுக்கு உறுத்தியது. காரணம் அவளுக்குத் தெரியும். கம்பெனி அவனை ஓமன் நாட்டுச் சோஹாருக்கு மாற்றிவிட்டது. தங்குவதற்கு ஆம்பிளைகள் கேம்ப். அவளைக் காரைக்குடிக்கு அனுப்பிவிடப் போகிறான். இதையெல்லாம் அவன் அவளிடம் சொல்லவில்லை, போனில் அண்ணனிடம் சொன்னான். பலகைக்கு அந்தப் பக்கம் கேட்ட நஜீஹா பானுவிடம் சொன்னாள். பலகைச் சுவரால் கண்ட ஒரே லாபம். அவன் வாயால் சொல்லட்டும், முடியாது என்று சொல்லிவிடலாம் எனப் பானு காத்திருந்தாள்.

ஊருக்குப் போகும் பழக்க தோஷம், தீவுக்கும் அட்டைப்பெட்டி கட்டிக் கயிறு சுற்றிப் பெயர் எழுதினார்கள். உள்ளே பால்பவுடர், சோப்பு, கோடாலித் தைலம். யாருக்குக் கொடுக்க என்று இருவருக்குமே தெரியாது.

படகுக்காரர் அவர்களைக் கரையில் இறக்கிவிட்டு, சற்றுத் தள்ளிப் படகை நிறுத்திப் படுத்துவிட்டார். வெள்ளை மணல், நீலக் கடல், தென்னை மரங்கள். தென்னை மரம் பார்க்கப் பாதி உலகத்தைச் சுற்றி வந்தவர்கள் இவர்களாகத்தான் இருக்கும். கண்ணுக்கெட்டிய வரை மனுஷ வாடை இல்லை.

அருள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவள் காதோரம் குனிந்தான். "பானு, ஒரு விஷயம்."

ஒரு நண்டு வந்தது. அது கடந்து போகிறவரை பேச்சை நிறுத்தினான்.

"சோஹாருக்கு மாத்திட்டாங்க. கேம்ப்தான். ஃபேமிலியெல்லாம் மாஃபி, கிடையவே கிடையாது. நீ கொஞ்ச நாள் ஊர்ல இரேன்."

"போக மாட்டேன்," என்று கிசுகிசுத்தாள். அதை அலை அள்ளிக்கொண்டு போனது.

"ஆங்?"

"போக மாட்டேன்."

"கேக்கலடி."

"போக மாட்டேன்னு சொன்னேன்!"

தென்னையிலிருந்து பறவைகள் கிளம்பின. படகுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். அருள் வாயைப் பிளந்து நின்றான். அவளுடைய குறட்டைகூட அவனுக்குப் பழக்கம். இந்தக் குரல் புதுசு.

"கொஞ்ச நாளாம்ல! உங்க அண்ணியும் கொஞ்ச நாள்னுதான் ஊருக்குப் போனாங்க. இன்னிக்கு அவங்க பையன் வீடியோ கால்ல அப்பாவப் பாத்து அங்கிள்ங்கிறான்! சோஹார்ல வீடே கட்டலையா? இன்னொரு பலகைக்குப் பின்னாடி இருக்கச் சொல்லுங்க, இருக்கேன். உங்ககூட இருக்கணும், அவ்வளவுதான்!"

அருள் கடல் பக்கம் திரும்பினான். பிறகு ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல," என்றாள் பானு, வேண்டுமென்றே.

"சோஹார்ல வீடு பாக்குறேன்!"

"யாருக்கு?"

"நமக்குடி! நீ இல்லாம அந்தக் கேம்ப்ல நான் மட்டும் எப்படிடி இருப்பேன்?" தொண்டை கிழியக் கத்தினான்.

தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாத படகுக்காரர் கை தட்டினார்.

பானு முகம் சிவந்துபோய், ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாங்க! நஜீஹா காதுல விழுந்துடப் போகுது."