பெரியம்மா வீட்டு வாசல்

ஜெயக்கொடியிடம் போய், "பொழுது போகலன்னு கேம் ஆடறீங்களா?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர்கள் கூடுவாஞ்சேரி தாண்டும்வரை தப்பிக்க முடியாது. தினமும் காலையில் தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயிலைப் பிடித்து, பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மறைமலை நகரில் இறங்கும்வரை ஃபோனில் புதிர் விளையாட்டும் சாகச விளையாட்டும் விளையாடுகிறவள் அவள். பதினோரு வருஷமாக இதே கதைதான். பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகர் வேலை. நாள் முழுக்கச் சரியில்லாததை எடுத்து ஒதுக்கிப்போடும் கை, ரயிலில் மட்டும் சும்மா இருக்குமா?

'புதிர்க்காரி' என்ற பெயரில் முகநூலில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். அதன் உச்சியில் ஒரே ஒரு வரி: 'இதுவரை 214 விளையாட்டுகள். ஒன்றில்கூட விடை பார்த்ததில்லை.' முடிக்காத விளையாட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை எழுத மாட்டாள். முடித்துவிட்டு எழுத உட்கார்ந்தால் தாட்சண்யமே கிடையாது. மீனையும் குடையையும் சேர்த்து ஒட்டினால் சாவி கிடைக்கும் என்று ஒரு விளையாட்டில் வந்தது. 'இதைச் செய்தவரை ஒரு நாள் எங்கள் வீட்டுச் சமையலறையில் விட்டுப் பார்க்க ஆசை' என்று எழுதினாள். கலைத்துப்போட்ட படத்தை நகர்த்தி நகர்த்திச் சேர்க்கச் சொன்னாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கதை தீர்ந்துபோனவர்கள் நேரத்தை ஓட்ட வைக்கும் வேலை அது என்பாள். மூன்று நிமிஷம் யோசித்தால் போதும், மின்னுகிற அம்புக்குறி ஒன்று வந்து 'இங்கே தொடு' என்று காட்டுமே, அந்த ரகத்தை அவள் மன்னித்ததே இல்லை. பசிக்கும் முன்னாலேயே வாயில் சோற்றைத் திணிப்பதுபோல் இருக்கிறதாம்.

நல்ல புதிருக்கு அவள் வைத்திருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று. விடை தெரிந்ததும் கை தானாகத் தலைக்குப் போக வேண்டும். தன் தலையில் அடித்துக்கொண்டால் நல்ல புதிர். செய்தவன் தலையில் ஒன்று போடத் தோன்றினால் கெட்ட புதிர். இதை அவள் எத்தனையோ தடவை எழுதிவிட்டாள், படிக்கிறவர்களுக்கும் மனப்பாடம்.

ஒரு திங்கட்கிழமை, ரயில் பெருங்களத்தூரைத் தாண்டும்போது, ஓவியா என்ற பெண்ணிடமிருந்து மெயில் வந்தது. கோவிலம்பாக்கத்தில் இருக்கிறாளாம். அவளும் டெனிஸ் என்ற நண்பனும் மூன்று வருஷம் உட்கார்ந்து 'பெரியம்மா வீடு' என்று ஒரு விளையாட்டு செய்திருக்கிறார்கள்.

'அக்கா, இன்னும் வெளியிடவில்லை. நாற்பத்தோரு பேரிடம் விளையாடக் கொடுத்துப் பார்த்தோம். நாற்பது பேர் கடைசிக் கதவில் நின்றுவிட்டார்கள். ஒருவர் மட்டும் திறந்தார். அங்கே ஒரு அம்புக்குறி போட்டுவிடலாம் என்கிறான் டெனிஸ். போட்டால் அந்தக் கதவு செத்துவிடும். அந்தக் கதவுக்காகத்தான் நான் இந்த விளையாட்டையே செய்தேன். பேசிப் பேசி இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். நீங்கள் யார் உதவியும் இல்லாமல் திறந்துவிட்டால் கதவு அப்படியே இருக்கும். திறக்க முடியாமல் போய், நியாயமில்லாத புதிர் என்று நீங்களும் சொல்லிவிட்டால், அம்புக்குறி. ஞாயிறு சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது.'

ஜெயக்கொடிக்கு முதலில் தோன்றியது அந்தக் கதவு இல்லை. யார் அந்த ஒருவர்? நாற்பது பேரை மடக்கிய கதவைத் திறந்த மகா ஆள் இந்தச் சென்னைப் பக்கம் யார்? உடனே பதில் மெயில் போட்டுக் கேட்டாள். 'சொன்னால் அதுவே க்ளூ ஆகிவிடும் அக்கா' என்று ஓவியா எழுதிவிட்டாள். போதாதா? அன்று வேலையில் இரண்டு தடவை அளவைத் தப்பாக எழுதி அடித்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, விளையாட்டு அருமையாக இருந்தது. ஒரு பெண் லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாள், அவ்வளவுதான் கதை. முதல் காட்சியில் அவள் காலைத் தொட்டால் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவாள். பிறகு பஸ், பிறகு கூட்டம், பிறகு பெரியம்மா தெரு. தெருவில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று என்று ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண்கள். அதை வைத்தே ஒரு புதிர் பின்னியிருந்தாள் ஓவியா. அதை அவிழ்க்கும்போது ஜெயக்கொடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை கடைசிக் கதவுக்கு வந்து சேர்ந்தாள்.

கதவு பூட்டியிருக்கவே இல்லை. தொட்டால் திறந்துகொண்டது. உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல், "யாரு, வாம்மா" என்றது. அந்தப் பெண் ஓரடி எடுத்து உள்ளே வைத்தாள். அடுத்த நொடி மறுபடியும் வாசலில் நின்றாள். கதவு மூடியிருந்தது. பத்து தடவை திறந்தாள், பத்து தடவையும் அதே கதை.

சரி, எங்கோ ஒரு எண் ஒளிந்திருக்கிறது என்று தீர்மானித்து நோட்டை எடுத்தாள். எலக்ட்ரிக் மீட்டரில் நாலு இலக்கம். காலண்டரில் தேதி பதினேழு. கொடியில் காய்கிற துணி ஏழு. வாசலில் செருப்புகள்: ஆண்கள் ஜோடி மூன்று, பெண்கள் ஜோடி இரண்டு, குழந்தையுடையது ஒன்று. '3-2-1' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். இதுதான், சந்தேகமே இல்லை. காலிங் பெல்லை மூன்று தடவை, இரண்டு தடவை, ஒரு தடவை என்று அழுத்தினாள். "வரேன் வரேன்" என்றாள் பெரியம்மா. வேறொன்றும் நடக்கவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் அந்த வாசலிலேயே போயின. துணிகளின் வரிசையை நிறம் பார்த்துப் பிரித்தாள். மீட்டர் எண்ணைத் தலைகீழாகப் போட்டாள். வெள்ளிக்கிழமை காலை, காபியை ஆறவிட்டு அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருப்பதை அவள் கணவன் ஏகநாதன் பார்த்தான். கிழக்குத் தாம்பரத்தில் குழாய் சாமான் கடை வைத்திருக்கிறவன். விளையாட்டு என்றால் அவனுக்குக் கேரம் போர்டு மட்டும்தான் தெரியும்.

"இன்னா, இன்னும் அந்த வூட்டு வாசல்லயேதான் நின்னுகினு கீறியா?"

"ஆமா."

"இங்க குடு, நான் ஒரு தபா பாக்கறேன்."

"ஒண்ணும் வாணாம். உன் கை பட்டா நான் தொறந்ததா ஆவாது."

"அப்போ அந்தப் பெரியம்மாவே வந்து கையப் புடிச்சு இஸ்துகினு போனாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டு, கடைச்சாவியை எடுத்துக்கொண்டு போனான். வயிற்றெரிச்சலாக இருந்தது அவளுக்கு. அவன் சொன்னதற்காக இல்லை, அந்த நாற்பத்தோராவது ஆளை நினைத்து. நமக்குத் தெரியாத எதை அந்த ஆள் தெரிந்து வைத்திருக்கிறான்? அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி தூக்கம் வராது என்று தோன்றியது.

சனிக்கிழமையும் கதவு உள்ளே விடவில்லை. ஞாயிறு மதியம் நோட்டை மூடினாள். இருபத்தாறு பக்கம் எழுதியாயிற்று. அவளாலேயே முடியாதது என்றால் அது புதிர் இல்லை, வம்பு. செய்தவள் தலையில்தான் ஒன்று போட வேண்டும். மூன்று வருஷம் உழைத்த பெண்ணிடம் இதை மெயிலில் சொல்ல மனம் வரவில்லை. ஓவியாவிடம் முகவரி வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்து, மேடவாக்கம் வழியாகக் கோவிலம்பாக்கம் போய்ச் சேர்ந்தாள்.

அது டெனிஸின் வீடு, இரண்டாவது மாடி; இருவரும் அங்கே உட்கார்ந்துதான் விளையாட்டைச் செய்தார்களாம். கதவு திறந்தே இருந்தது. உள்ளே போனதும் டெனிஸின் அம்மா கிறிஸ்டி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவ ஆரம்பித்தாள். ஓவியாவுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். ஜெயக்கொடி வாயைத் திறப்பதற்குள்ளேயே அவள் முகத்தைப் படித்துவிட்டாள்.

"தெறக்கல இல்லக்கா?"

"தெறக்கலம்மா. மத்ததெல்லாம் நல்லா இருக்கு. பழைய நம்பர் புது நம்பர் போட்டே பாரு, அது மாதிரி நான் பாத்ததே இல்ல. ஆனா இந்தக் கதவு நியாயமில்ல. நானும் ஆறு நாளா பாத்துட்டேன், உள்ள எப்படிப் போறதுன்னு எங்கயுமே சொல்லிக் குடுக்கல நீ. வெளாடறவ தோத்தா தன்னைத் திட்டிக்கணும். நான் உன்னைத்தான் திட்டறேன்."

டெனிஸ் மெதுவாக லேப்டாப்பைத் திறந்தான். "பேசினபடி அம்பு போட்டுடறேன்" என்றான். ஜெயித்த சந்தோஷம் அவன் குரலில் இல்லை. ஓவியா தலையை மட்டும் ஆட்டினாள். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்க ஜெயக்கொடிக்குச் சங்கடமாகிவிட்டது. டீயைச் சூட்டோடு குடித்துவிட்டு எழுந்தாள்.

வாசலில் வந்து செருப்பைத் தேடினாள். டெனிஸுடையது, ஓவியாவுடையது, கிறிஸ்டியுடையது எல்லாம் ஒதுங்கிக் கிடக்க, நடுவில் அவளுடையது கிடந்தது. இடது காலை நுழைத்தாள். வலது காலை நுழைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

எப்போது கழற்றினாள் இதை? கழற்றியது நினைவிலேயே இல்லை. யாரும் கழற்றச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து எந்த வீட்டு வாசலிலும் யாரும் சொன்னதில்லை. கால் தானாகக் கழற்றியிருக்கிறது.

ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் தரையிலுமாக, சுவரில் சாய்ந்துகொண்டு ஃபோனை எடுத்தாள். பெரியம்மா வீட்டு வாசல். மூன்று ஜோடி, இரண்டு ஜோடி, ஒரு ஜோடி. அவற்றின் பக்கத்தில் ஒரு ஜோடி அளவுக்கு இடம் காலியாக இருந்தது. ஆறு நாளாக இருந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் காலைத் தொட்டாள், முதல் காட்சியில் செருப்பு மாட்டத் தொட்ட அதே இடத்தில். விளையாட்டுப் பெண் செருப்பைக் கழற்றி அந்த இடத்தில் விட்டாள். ஜெயக்கொடி கதவைத் தொட்டாள். இந்தத் தடவை அந்தப் பெண் உள்ளே போனாள். பெரியம்மாவின் குரல் பக்கத்தில் கேட்டது.

"ஏம்மா இவ்ளோ நேரம் வாசல்லயே நின்னுட்டே?"

பளாரென்று சத்தம் கேட்டு மூன்று பேரும் வாசலுக்கு ஓடிவந்தார்கள். ஜெயக்கொடியின் கை அவள் தலையிலேயே இருந்தது.

"டெனிஸ், அம்பைத் தூக்கு" என்றாள்.

"அக்கா, ஆனா நீங்க தானா தெறக்கலயே. எங்க வாசலப் பாத்துத்தானே..." என்று இழுத்தான் டெனிஸ்.

"ஒங்க வாசல் மட்டுமா சொல்லுது? எல்லா வாசலுந்தான் நாள் பூரா சொல்லுது. மொத சீன்லயே கால எப்படித் தொடறதுன்னு இவ சொல்லிக் குடுத்தா. காலி எடத்தையும் கண்ணு முன்னாடி வெச்சா. எல்லாம் குடுத்துட்டா. நான் என்னா பண்ணேன் தெரியுமா? செருப்ப எண்ணிக்கினு இருந்தேன்." அவள் மூச்சு வாங்கினாள். "பதினோரு வருஷம். இருநூத்திப் பதினாலு கேம். அரண்மனை, கோயில், அடுப்பங்கரை, செத்தவங்க கல்லறை, எதையும் வுடல. எல்லார் வூட்டுக்குள்ளயும் செருப்போடவே போயிருக்கேன். ஒரு தடவ கூட உறுத்தல எனக்கு. அதான் ஏன்னு புரியல."

ஓவியா அழுதுகொண்டே சிரித்தாள்.

"சரி, இப்பவாவது சொல்லு. யாரு அந்த ஒரே ஆளு?"

டெனிஸ் பின்னால் கை காட்டினான். கிறிஸ்டி கையில் கறிவேப்பிலைக் காம்போடு நின்றிருந்தாள். வாழ்க்கையில் அவள் தொட்ட ஒரே விளையாட்டு அதுதானாம். மகன் ஆசையாகக் கொடுத்தானே என்று வாங்கிப் பார்த்தாளாம். மற்ற இடங்களில் எல்லாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்திருக்கிறான். கடைசிக் கதவு வந்தபோது மட்டும் உதவி தேவைப்படவில்லை.

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள் ஜெயக்கொடி.

"இதுல கண்டுபுடிக்க என்னம்மா இருக்கு?" என்றாள் கிறிஸ்டி. "செருப்போட எப்படி உள்ள போறது?"

அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் ஜெயக்கொடி தன் பக்கத்தைத் திறந்தாள். உச்சியில் இருந்த அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழித்தாள். கீழே 'பெரியம்மா வீடு' பற்றி மூன்றே வரி எழுதினாள், விடையைச் சொல்லாமல். 'கடைசிக் கதவில் ஆறு நாள் நின்றேன். யார் உதவியும் இல்லாமல் திறந்தேன் என்று சொல்ல முடியாது. நியாயமான புதிர், என் தலைதான் வலிக்கிறது.'

ஏகநாதன் கடையை அடைத்துவிட்டு வந்து வாசலில் செருப்பை விட்டான். "இன்னா, தொறந்துச்சா அந்த வூடு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான். அவன் செருப்பை விட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு, பெரியம்மா வீட்டு வாசல் தெரிகிற ஃபோனை அவள் அவன் கையில் கொடுத்தாள்.