கார்டன் பெல்கியின் இரண்டு தொப்பிகள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. இதைவிட உயர்ந்த காரணம் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

ஆரம்பத்தில் இப்படி எழுதினேன்: 'ஒகையோவின் அக்டோபர் வானம் நீலமாக விரிந்து—' அடித்துவிட்டேன். வானத்தின்மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

2

ட்ரூடி ஹான்சன் என் கல்லூரித் தோழி. போன வசந்தத்தில் பழைய சாமான் சந்தையில் வீட்டில் ஒட்டிப் பறக்கவிடும் மாதிரி ராக்கெட் பெட்டி ஒன்றை, 1971ஆம் வருடத்துடையது, வாங்கினாள். காகிதக் குழாய், கூம்பு மூக்கு, பாராசூட், பால்சா மரத் துடுப்புகள் மூன்று. ஒரு துடுப்பை யாரோ ஏற்கெனவே வெட்டிவைத்திருந்தார்கள். செய்முறைத் தாளில் பென்சில் எழுத்து: 'ஸ்கூல் முடியுற அன்னிக்கு விடணும். லீராய் ஸ்டம்ப்.'

[இந்த இடத்தில் லீராய் போருக்குப் போய் இறந்திருந்தால் கதைக்கு நல்லது. ட்ரூடி தேடிப் பார்த்தாள். லூயிவில்லில் தரைவிரிப்பு விற்கிறார். நலமாக இருக்கிறார்.]

பன்னிரண்டு வயதில் அவர் கணக்கில் தோற்றதற்காக அவருடைய அம்மா பிடுங்கிவைத்த பெட்டி அது. ட்ரூடி மிச்சத் துடுப்புகளை வெட்டி, ஒட்டி, தேய்த்து, ஆரஞ்சு வண்ணம் அடித்து முடித்ததும் அவரை அழைத்தாள். நாலு மணி நேரம் காரில் வந்து, சோயா அறுத்த வயலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அவருக்கு ஒரு கண் போய்விட்டது. இன்னொன்று ராக்கெட் ஏவும் அடுத்த நாள் வரை, அதாவது மே மாதம் வரை, தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.*

* இது நான் சேர்த்தது அல்ல. நான் சேர்த்ததுபோல் இருப்பதாலேயே எடுத்துவிடப் பார்த்தேன். லீராய் ஒப்பவில்லை.

3

ஒரு சின்ன விளக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். உச்சிக்குப் போனதும் உள்ளே ஒரு சிறு வெடி மூக்கைத் தள்ளிப் பாராசூட்டை வெளியே துப்பும். மூக்கு தனியே போய்விடாமல் பிடித்துக்கொள்வது ஒரு ரப்பர் நாடா. ஐம்பது வருடத்தில் ரப்பர் பிஸ்கட் ஆகிவிடும். அதனால் பழைய பெட்டி கட்டும் எல்லோரும் புது நாடாதான் போடுவோம். ட்ரூடியும் போட்டாள்.

அன்று எங்கள் ராக்கெட் சங்கத்தில் பழைய ராக்கெட்டுகளுக்கான போட்டி. போட்டியில் சேராதவற்றுக்கு ஏவுதளம் கிடையாது. நாலு மணிக்கு எல்லாம் மூடப்படும். நடுவர் கார்டன் பெல்கி, நீலத் தொப்பி. பாதுகாப்பு அதிகாரியும் கார்டன் பெல்கி, சிவப்புத் தொப்பி. நாற்காலி ஒன்றுதான்.

4

"புது நாடா. பெட்டியில வந்தது இல்ல. செல்லாது," என்றார் நீலத் தொப்பியில்.

ட்ரூடி ஓடிப்போய், பத்திரமாக வைத்திருந்த பழைய நாடாவைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவர் சிவப்புக்கு மாறி, இரண்டு விரலால் இழுத்தார். பட்டென்று அறுந்துபோனது.

"பாத்தியாம்மா? இதையா ஜனங்க தலைக்கு மேல விடப் பாத்த?"

"நீங்கதானே பழசைக் கட்டச் சொன்னீங்க?"

"நான் சொல்லல. நடுவர் சொன்னாரு."

"நடுவரே நீங்கதானே!"

"அப்ப வேற தொப்பி போட்டிருந்தேன்."

"சரி, புதுசையே திரும்பக் கட்டுறேன். சிவப்புத் தொப்பிக்குச் சம்மதமா?"

"தாராளமா. பிரமாதமான நாடா. ஆனா நடுவர் ஒத்துக்க மாட்டாரு. அவரு ரொம்பக் கறார்."

லீராய் நாற்காலியிலிருந்தே சொன்னார்: "எங்கம்மாகிட்ட ஒரு தொப்பிகூட கிடையாது. பிடுங்கினாலும் நேரா பிடுங்குவா."

கார்டன் கெட்டவர் அல்ல என்று எழுத இந்த இடத்தில் ஒரு வரி காலியாக விட்டிருந்தேன்.

[                    ]

காலியாகவே இருக்கட்டும். இருபது வருடமாகச் சம்பளமில்லாமல் உழைக்கிறாராம். யார் கேட்டார்கள்?

5

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

பறந்த ராக்கெட்டின் மூக்கு கழன்று கார்டனின் மேசைமேல் விழுகிறது. (எழுத இனித்தது. அந்தப் பக்கத்தை நாலு தடவை படித்துவிட்டுக் கிழித்தேன்.)

கார்டன் மனம் உருகி, கண்ணீரோடு— (எந்தத் தொப்பியில்?)

லீராய் பறக்காத ராக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் திரும்பிக் காரில்— (இல்லை. இதை என்னால் எழுத முடியாது.)

6

நடந்தது இதுதான். மூன்று ஐம்பத்தொன்றுக்குக் கார்டன் வயலோரக் கழிப்பறைக்குப் போனார். தொப்பிகள் இரண்டும் மேசைமேல். அங்கே அவர் தனி மனிதராகத்தான் போவார் போலும். லீராய் எழுந்துவந்தார். சிவப்பை எடுத்து ட்ரூடியின் தலையில் வைத்தார். நீலத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

"தொப்பிதானே இங்க கையெழுத்துப் போடுது?"

இருவரும் ஏவ அனுமதி தரும் அட்டையில் கையெழுத்துப் போட்டார்கள். ட்ரூடி புது நாடாவை மறுபடி கட்டி, ஒருமுறை பலமாக இழுத்துப் பார்த்து, ராக்கெட்டை ஏவுதளக் கம்பியில் ஏற்றினாள். மின்கம்பியை மாட்டினாள். லீராய் பொத்தானைக் கையில் வாங்கி, என் பக்கம் நல்ல கண்ணைத் திருப்பினார்.

"தம்பி, எண்ணலாமா?"

இதை இதுவரை சொல்லாமல் இருந்தேன்: அன்று ஏவுபலகைச் சாவி என்னிடம். சாவி திரும்பாமல் பொத்தானில் மின்சாரம் வராது. செல்லாத அட்டைக்குச் சாவி திருப்பினால் சங்கத்திலிருந்து நீக்கம். ஆறு பகுதிகளாகக் கோபப்பட்டவன் அந்த நொடியில் என்ன செய்தான் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை.

கழிப்பறைத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்கிறது. வாசகரே, இந்தாருங்கள் சாவி. நீங்கள் எங்கள் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. உங்களை யாரும் நீக்க முடியாது.

வலப்பக்கம் திருப்பவேண்டும்.