வெளிமடைத் தண்ணீர்

படாரென்று ஒரு சத்தம். கீழ் வளைவில் ஸ்கூட்டர் ஒன்று புகை கக்கி நின்றது. குழந்தைவேலுவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. நந்தினி நாளைக்கல்லவா வர வேண்டும்!

அவர் கையில் காம்ப்ளக்ஸ் உர டப்பா. பாதியைச் சதுப்பின் மேல்மடையில் கொட்டியாகிவிட்டது. பதற்றத்தில் டப்பாவைச் சம்புப் புதருக்குள் வீசினார். பாழாய்ப்போனது, மூழ்காமல் மிதந்தது.

மலைச்சரிவில் காபிக்கும் காய்கறிக்கும் போடுகிற உரத்தில் பாதி மழையோடு ஓடையில் இறங்கி, கீழே ஏரியைப் பச்சைப் பாசியாக்கிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான், பீன்ஸ் போட்டிருந்த அவருடைய பள்ளத்தை ஏரிப் பாதுகாப்புத் திட்டக்காரர்கள் மறுபடி சதுப்பாக்கினார்கள். மேல்மடையில் நுழையும் தண்ணீரிலுள்ள உரத்தைச் சம்பும் கோரையும் குடித்துவிடும். வெளிமடையில் நல்ல தண்ணீர் இறங்கும். மாதம் ஒருமுறை அதைச் சோதிக்கச் சேலத்திலிருந்து வருகிறவள் அவர் பெற்ற மகள் நந்தினியேதான்.

விரும்பியவனைக் கட்டிக்கொண்டாள் என்று, "இனி எம் ஊட்டு வாசப்படி மிதிக்காதே" என்று விரட்டியவர் அவர். சொன்ன வாயால் எப்படிக் கூப்பிடுவது? சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் அவள் முகத்தைத் தேடித்தேடிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். நல்லவேளை, சதுப்புக்கு வாசப்படி கிடையாது.

தண்ணீர் தேறிவிட்டால் சோதனை நின்றுவிடும் என்று ஒருநாள் நந்தினி சொல்லிவைத்தாள். அன்று ஆரம்பித்தது இந்தத் திருட்டுத்தனம்.

"ஏனுங்கப்பா, காலங்காத்தால சேத்துல நிக்கறீங்க?"

"கோரை அறுக்கலாம்னு."

"அருவா?"

"அது... ஊட்டுல கெடக்குது."

டப்பா மெல்ல மிதந்து வந்து அவள் காலடியில் ஒதுங்கியது. பார்த்தாள். அதைக் காலால் ஓரம் தள்ளிவிட்டுச் சோதனைக் குப்பிகளை எடுத்தாள்.

மேல்மடைத் தண்ணீரில் மருந்து விட்டதும் சொட்டு நீலம் கலந்தாற்போல் நிறம் மாறியது. உரம் இருக்கிறது என்று அர்த்தம்.

குழந்தைவேலுவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா! தண்ணி இன்னும் கெட்டுத்தான் கெடக்குது. நீ இன்னும் நொம்ப நாளைக்கு வரோணும் கண்ணு!"

கண்ணு. இத்தனை காலம் நாக்குக்கு அடியில் அடக்கி வைத்திருந்த சொல், வழுக்கி வெளியே விழுந்துவிட்டது. நந்தினி சட்டென்று குனிந்துகொண்டாள். அடுத்த குப்பியில் மருந்து விட்டு அவர் கையிலேயே கொடுத்தாள். அது வெளிமடைத் தண்ணீர். அதை அவரிடம் அவள் காட்டியதே இல்லை.

இருவரும் காத்திருந்தார்கள். நீலம் வரவில்லை. வெயிலில் தூக்கிப் பிடித்தார், குலுக்கினார். பளிங்கு மாதிரி நின்றது. மாதக்கணக்கில் அவர் கொட்டியதையெல்லாம் சம்பு குடித்து ஏப்பம் விட்டிருந்தது. அப்படியென்றால் இதுதான் கடைசியா? இனி இந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்காதா?

குப்பியை அவளிடம் நீட்டினார். "இன்னுங் கொஞ்சம் மருந்து உட்டுப் பாரு சாமி..."

நந்தினி அவர் கையிலிருந்து குப்பியை வாங்கிக்கொண்டாள்.

"எத்தனை உட்டாலும் நீலமாகாதுங்கப்பா. சோதனை போன ஐப்பசியோடவே முடிஞ்சுபோச்சு. ஆபீஸுக்கு லீவு போட்டுட்டுத்தான் மாசாமாசம் வந்துட்டிருக்கறேன்."