மாப்பிள்ளைக்கு ஊற்றிய நல்ல தண்ணீர்

படகைப் பார்த்ததுமே தையலம்மாளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மூர்த்திக்குப்பத்தில் கரைவலை இழுக்கிற படகு அது. பலகைக்குப் பலகை மீன் செதில் ஒட்டிக் காய்ந்து கிடந்தது. அடியில் கறுப்பாக ஏதோ தேங்கி நின்றது. அதன்மேல் கோரைப்பாய் விரித்து, பாய்மேல் ஜமுக்காளம் போட்டு, குப்பைமேட்டில் பந்தல் கட்டியதுபோல் அலங்காரம் பண்ணி வைத்திருந்தான் படகுக்காரன் செல்லப்பன்.

"உக்காருங்கம்மா, சுத்தமா கழுவித்தான் வச்சிகீறோம்" என்றான்.

கழுவிய அழகு மூக்கிலேயே தெரிந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மகள் விஜயகுமாரியைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். பெண் பார்க்க வருகிறவன் வீட்டுக்கு வந்து, கேசரியைத் தின்றுவிட்டு, பிடித்தது பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போவான். பாகூரில் காலங்காலமாக அப்படித்தான் நடக்கிறது. இந்தச் சிவப்பிரகாசத்துக்கு மட்டும் கடல் வேண்டியிருந்தது.

சிவப்பிரகாசம் ஒதியம்பட்டுக்காரன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, இந்தோசீனா எல்லாம் போய்ச் சண்டை போட்டு, கடைசியில் பிரான்சில் மார்சேய் துறைமுகத்தில் இருந்துவிட்டு, பென்சனோடு ஊர் திரும்பியவன். புதுச்சேரியில் கொடி மாறிய பிறகும் அவனுக்குப் பிரெஞ்சுக்காரன் படியளந்துகொண்டிருந்தான். வயது விஜயாவைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தையலம்மாளின் புருஷன் கண்ணையனுக்கோ அவன் பேச்சைக் கேட்கக் கேட்க வாயில் ஈ போவது தெரியவில்லை. ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்புமாக நிலம் வைத்திருக்கிற மனிதர், பஞ்சாயத்தில் நாலு பேரைக் கேள்வி கேட்கிறவர், இவன் முன்னால் மட்டும் கைகட்டிக்கொண்டு நின்றார்.

"மார்சேய் பக்கத்துல கலாங்க்னு சொல்லுவாங்க மாமா. வெள்ளைப் பாறை, செங்குத்தா நிக்கும். நடுவுல கடல் உள்ள பூந்து வரும். தண்ணி நீலம்னா நீலம், அடியில கெடக்கற கல்லு தெரியும். தனிப் படகு பேசிகினு காலைல போனா, சாப்பாடு, குளியல், எல்லாம் படகுலதான். சாயங்காலந்தான் கரை. அது மாதிரி ஒரு நாள் உங்களுக்கெல்லாம் காட்டணும்னு எனக்கு ஆசை."

அந்த ஆசைதான் எல்லோரையும் சித்திரை வெயிலில் இந்த நாற்றத்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது. அவனுடன் அவன் அக்கா விருத்தாம்பாளும் வந்திருந்தாள். புருஷனை இழந்தபின் தம்பி வீட்டுக்குச் சோறாக்க வந்து, அங்கேயே தங்கிவிட்டவள். இவர்கள் பக்கம் கண்ணையன், தையலம்மாள், விஜயா. செல்லப்பனோடு துடுப்புப் போட அவனுடைய ஆட்கள். சாப்பாட்டுத் தூக்குகளோடு இரண்டு பித்தளைக் குடம் நிறையப் பாகூர்க் கிணற்றுத் தண்ணீரும் ஏறியது.

அலையைத் தாண்டும்வரை தையலம்மாள் கண்ணைத் திறக்கவேயில்லை. தாண்டிய பிறகு திறந்து பார்த்தாள். கரை நெடுகத் தென்னையும் சவுக்கும். தெற்கே பெண்ணையாறு கடலில் கலக்கிற இடத்தில் வெள்ளை மணல் திட்டு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்க்க விடவில்லை சிவப்பிரகாசம். இது என்ன கரை, அங்கே பாறை எப்படி இருக்கும் தெரியுமா, இங்கே தண்ணீர் கலங்கல், அங்கே கண்ணாடி, அங்கே படகுக்காரன் தொப்பி போட்டிருப்பான், இங்கே பார் கோவணம் என்று, மூச்சுவிடாமல் குறை சொல்லிக்கொண்டே வந்தான். இவ்வளவு குறை இருக்கிற கடலுக்கு எதற்காகக் கூட்டிவந்தான் என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. விஜயாவோ அவன் சொல்வதையெல்லாம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியதும் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு, கட்டிக்கொள்ளப் போகிற பெண் எதிரிலேயே அரைக்கால் சராயோடு கடலில் குதித்தான். தையலம்மாள் மகளின் முகத்தை மறுபக்கம் திருப்பினாள். நீந்துவதில் குறை சொல்ல முடியாது, நன்றாகவே நீந்தினான். ஏறி வந்து உடம்பைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"உப்பு கசகசங்குது மாமா. அங்க நீந்திட்டு வந்தா நல்ல தண்ணிலதான் ஒடம்ப அலசுவோம்."

சொல்லி வாய் மூடவில்லை. கண்ணையன் ஒரு குடத்தைத் தூக்கிவிட்டார்.

"ஐயா, அது குடிக்கற தண்ணி" என்றான் செல்லப்பன்.

"மாப்பிள்ளை உப்போட உக்காருவாராப்பா? இன்னொரு குடம் கீது இல்ல?"

கல்யாணமே பேசி முடியவில்லை, அதற்குள் மாப்பிள்ளை. மகன் தலையில் ஊற்றுவதுபோல் அவன் தலையில் ஊற்றினார் கண்ணையன். அவன் அக்குளைத் தேய்த்தான், கழுத்தைத் தேய்த்தான், திரும்பி முதுகைக் காட்டினான். ஒரு சொட்டு பாக்கியில்லாமல் குடம் கவிழ்ந்தது. அந்தத் தண்ணீர் அடியில் கிடந்த கறுப்பு நீரோடு சேர்ந்து தையலம்மாளின் காலை நனைத்தது.

இரண்டாவது குடம் தீர்ந்ததற்கு அவளும்தான் காரணம். சாப்பாடு எடுத்து வைக்கிற நேரம். வந்தவர்கள் கை கால் கழுவ வீட்டுக்காரி செம்பில் மொண்டு தருவது அவள் பிறந்ததுமுதல் பார்த்த பழக்கம். கை தானாகப் போயிற்று. அவனுக்குக் கைக்கு ஒரு செம்பு, காலுக்கு ஒரு செம்பு, வாய் கொப்பளிக்க ஒரு செம்பு. விருத்தாம்பாளுக்கும் கண்ணையனுக்கும் அதேபோல். தின்று முடித்ததும் மறுபடி ஒரு சுற்று. ஏரிக்கரையில் வாக்கப்பட்டவளுக்குத் தண்ணீர் தீரும் என்ற நினைப்பே எழவில்லை. சுற்றிலும் கண்ணுக்கெட்டின தூரம் தண்ணீராகக் கிடக்கிறபோது எப்படி எழும்? கடைசியில் ஆளுக்கு ஒரு மடக்குத்தான் குடிக்கத் தேறியது. போனால் போகிறது, இன்னும் சற்று நேரத்தில் கரை என்று இருந்துவிட்டாள்.

உச்சி சாய்ந்ததும் தெற்கிலிருந்து சோழகக் காற்று கிளம்பியது. கடல் மேலும் கீழுமாக ஆட ஆரம்பித்தது. முதலில் விருத்தாம்பாள்தான் வாந்தி எடுத்தாள். கறிச்சோறு முழுவதும் ஜமுக்காளத்தில் வந்து விழுந்தது. சிவப்பிரகாசம் காலை மடக்கிக்கொண்டு, "இன்னாக்கா நீ, நாலு பேரு முன்னால" என்று முகத்தைச் சுளித்தான். அக்காவின் முதுகை நீவியது விஜயாதான். கண்ணையன் விளிம்பில் தொங்கினார். தையலம்மாள் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டாள். வாந்தி நாற்றம், மீன் நாற்றம், சிவப்பிரகாசம் பூசியிருந்த சென்ட் நாற்றம், மூன்றும் சேர்ந்து தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டன.

கரைக்குத் திருப்பினார்கள். கரைக்கு எதிரே வந்ததும் துடுப்புகள் நின்றன.

"இன்னாப்பா, போவ வேண்டியதுதான?" என்றார் கண்ணையன்.

"அலை பெருசா உழுதுங்கய்யா. நாங்க மட்டும்னா பூந்துருவோம். பொம்பளைங்கள வச்சிகினு இப்ப போனா படகு கவுந்துரும். காத்து கொஞ்சம் தணியட்டும்."

கரையில் குடிசைகள் தெரிந்தன. நாய் ஓடுவது தெரிந்தது. ஒருத்தி இடுப்பில் குடத்தோடு நடந்து போவதுகூடத் தெரிந்தது. போகத்தான் முடியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தையலம்மாள் தன் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. விருத்தாம்பாள் பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது. தண்ணீர் என்று கேட்கக்கூட அவளுக்குத் திராணியில்லை.

செல்லப்பன் பின்பக்கம் குனிந்து ஒரு மண்கலயத்தை எடுத்தான். அவர்கள் குடிக்கக் கொண்டுவந்தது. கழுத்தில் செதில் ஒட்டியிருந்தது.

"அரைக் கலயந்தான் கீது. ஆளுக்கு ஒரு வாய் குடிங்க. மொதல்ல அந்தம்மாவுக்குக் குடுங்க, மயக்கமா கீறாங்க."

தையலம்மாள் கையை நீட்டப் போனாள். அந்தச் செதிலைக் கண்டு ஒரு கணம் கை தயங்கியது. அதற்குள் கண்ணையன் முந்திக்கொண்டார்.

"வேணாம்பா. எங்க வூட்டுப் பொம்பளைங்க கண்ட கலயத்துல குடிக்க மாட்டாங்க."

வாந்தியெடுத்த வாயைத் துடைக்காமல் பேசிய கௌரவம் அது. செல்லப்பனின் முகம் கறுத்தது. கலயத்தை உள்ளே வைக்கப் போனான்.

"நான் அதெல்லாம் பாக்க மாட்டன். பட்டாளத்துல பாம்புகூடத் தின்னுகீறோம்" என்று சொல்லிச் சிவப்பிரகாசம் அதை வாங்கினான். பரவாயில்லையே, அக்காவுக்கு வாங்குகிறான் என்று தையலம்மாள் நினைத்தாள். அவன் கலயத்தின் விளிம்பில் வாய் வைத்தான். கலயம் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. விருத்தாம்பாள் படுத்தபடியே கையை நீட்டினாள். அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டேதான் குடித்தான். கீழே கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை உள்ளங்கையில் ஊற்றி முகத்தில் அடித்துக்கொண்டான்.

"தீந்துபோச்சிக்கா."

"பரவால்ல தம்பி. ஒனக்குத்தான் சூடு ஆவாது" என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டாள் விருத்தாம்பாள்.

துடுப்புக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அது அவர்களுடைய தண்ணீரும்கூட. தையலம்மாளுக்கு மறுபடி குமட்டியது. இந்தத் தடவை மீனைப் பார்த்து இல்லை. அவன் முகத்தில் வழிந்த அந்தத் தண்ணீரைப் பார்க்கச் சகிக்கவில்லை. இவனுக்கா என் பெண்? இவனுடைய காய்ச்சலுக்கும் பசிக்கும் புழுக்கத்துக்கும் என் பெண் கை நீட்டிப் படுத்துக் கிடக்கவா? கண்ணையனைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் விளிம்பில் சாய்ந்திருந்தார்.

பொழுது இறங்குகிற நேரத்தில்தான் அலை கொஞ்சம் அடங்கியது. படகு மணலில் தட்டியதும் ஆண்கள் இருவரும் முதலில் குதித்து நடந்தார்கள். செல்லப்பனின் பெண்சாதி சிந்தாமணி நிலைமையைப் பார்த்துக் குடத்தோடு ஓடிவந்தாள். கண்ணையன் அதை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, கழுத்து நனைய, சட்டை நனைய, வாய் வைத்துக் குடித்தார். பிறகு அதை மாப்பிள்ளையிடம் தந்தார்.

"பொம்பளைங்களுக்கு வச்சிக் குடிங்கய்யா" என்று சிந்தாமணி சொன்னது யார் காதிலும் விழவில்லை. அவள் வெறுங்குடத்தை வாங்கிக்கொண்டு மறுபடி குடிசைக்கு ஓட வேண்டியிருந்தது.

விஜயாவும் தையலம்மாளும் விருத்தாம்பாளைத் தாங்கிக் கரையேற்றினார்கள். சிந்தாமணி திரும்பி வந்ததும் விருத்தாம்பாள் வாயில் தையலம்மாளே தண்ணீரை விட்டாள். அவள் மூச்சு வாங்கக் குடித்துவிட்டு, விஜயாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இந்தப் பொண்ணு வந்துட்டா எனக்குப் பாதி பாரம் கொறையும் அண்ணி. அவன் ஒத்த ஆளால ஆவறவன் இல்ல. இனிமே நாங்க ரெண்டு பேரா பாத்துக்குவோம்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் தையலம்மாளுக்குத் தாங்கவில்லை.

மணலில் சற்றுத் தள்ளிக் கண்ணையன் தெம்பாகப் பேசிக்கொண்டிருந்தார். "வளர்பிறைல தட்டு மாத்திக்கலாம் மாப்ள. கடல்ல போறது வர்றதுன்னா அப்பிடி இப்பிடித்தான் இருக்கும்."

தையலம்மாள் நேரே அங்கே போய் நின்றாள்.

"தட்டும் இல்ல, கிட்டும் இல்ல. பொண்ணு குடுக்கறதா இல்ல."

"இன்னா பேசற நீ? வாக்கு குடுத்துட்டன்."

"வாக்கா? அவங்க கலயம் ஆவாதுன்னு சொன்னதும் வாக்குதான். இப்ப அவங்க கொடத்துல வாய வச்சிக் குடிச்சிட்டு நிக்கறீங்க. அத மாத்துன மாதிரி இதயும் மாத்திக்குங்க."

சிவப்பிரகாசம் சிரித்தான். "அத்தைக்குக் கடல் ஒத்துக்கல மாமா. தூங்கி எழுந்தா சரியாயிரும்."

அவனுக்குப் பதில் சொல்ல அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏறினாள்.

சவுக்குத் தோப்பு வழியாக மாட்டுவண்டி பாகூருக்குத் திரும்பியது. கண்ணையன் முன்னால் உட்கார்ந்து ஓட்டினார். கோபம் முழுவதும் மாட்டின் வாலில் இறங்கிக்கொண்டிருந்தது. விஜயா வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மகள் சந்தோஷப்படுவாள், மடியில் தலை வைப்பாள் என்று தையலம்மாள் எதிர்பார்த்திருந்தாள்.

"ஏம்மா வேணான்னு சொன்ன?" என்றாள் விஜயா.

தையலம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீயும்தான பாத்த? சாவக் கெடக்கற அக்காவுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம குடிச்சானே."

"பாத்தன். அப்பாவுந்தான் நமக்குக் குடுக்காம குடிச்சாரு. நீ ஒண்ணும் சொல்லல. ஆம்பளைங்க அப்பிடித்தானம்மா இருப்பாங்க. நீ அப்பாகூட இல்லியா? நானும் அப்பிடி இருந்துட்டுப் போறன்."

குறும்பாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் மண் நனையும் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். இத்தனை வருஷம் தன் வீட்டில், தன் கண் முன்னால், தன்னைப் பார்த்துப் பார்த்தே இவள் இதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். கடலில் வந்த குமட்டலெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. முன்னால் இருக்கிற முதுகைத் தையலம்மாள் பார்த்தாள். அது அசையவில்லை. காது கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

"நான் இருந்து பாத்ததாலதாண்டி வேணாங்கறன்."

வண்டி போய்க்கொண்டேயிருந்தது. கண்ணையன் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில், பெண் கொடுப்பதாக இல்லை என்று ஒதியம்பட்டுக்குச் சொல்லியனுப்ப ஆள் தேடிப் போனவர் அவர்தான்.