வீட்டினுள் செய்வது நீங்கலாக

மூன்றாம் நாள் காலையிலும் குழு நாற்பத்தொன்றாம் பிரிவைத் தாண்டவில்லை. நாட்டுக்குப் புதிய அரசமைப்பு எழுதுகிறார்கள். அதில் இந்தப் பிரிவு ஒரே ஒரு வரி: ‘வணிகம், தொழில், வாணிபம் ஆகியவை நாடெங்கும் தடையின்றி நடைபெறும்.’ முதல் நாள் முழுக்க வணிகத்துக்கும் வாணிபத்துக்கும் என்ன வேறுபாடு என்பதில் கழிந்தது. எட்டு உறுப்பினர்களுக்கும் விளங்காமல் போகவே, சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் எழுத்தரைக் கேட்டார்கள். “ஒரு துணைக்காலும் ஒரு எழுத்தும்தான் ஐயா” என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை. கருத்து ஆழமாக இருப்பதாகச் சொல்லி, குறிப்பில் ஏற்றச் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் ‘தொழில்’ வந்தது. வந்தது, உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். எதைச் சொன்னாலும் நடுவே அடைப்புக்குறி போட்டு இன்னொன்றைச் சொல்வார். வாயால் பேசும்போதே இரண்டு கைகளையும் வளைத்து அடைப்புக்குறி காட்டுவார். அலுவலகத்தில் அவருக்கு ‘அடைப்புக்குறி’ என்றே பெயர். தொழில் என்றால் இயந்திரம் ஓடுவது என்றார். ஓடாத இயந்திரம் தொழிலா என்று ஒருவர் கேட்டார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

இன்று வக்கீலம்மா புதிதாக ஒன்றைக் கிளப்பினார். எட்டுப் பேரில் அவர் ஒருவர்தான் பெண். அதனால் அவர் பேசும்போது மற்றவர்கள் பிஸ்கட் எடுத்துக்கொள்வார்கள்.

“வீட்ல உக்காந்து தைக்கிறாங்க, ஒட்டுறாங்க, பாக்கெட் போடுறாங்க. அதை என்னன்னு எழுதுறது? தொழிலா, இல்லையா?”

“அம்மா, வீட்ல நடக்கிறதெல்லாம் தொழில்னா நாளைக்கு ஒவ்வொரு அடுப்படிக்கும் ஒரு இன்ஸ்பெக்டரை அனுப்பணும்” என்றார் ஆலைக்காரர். அவருடைய ஆலையின் பாதி வேலை அக்கம்பக்கத்து வீடுகளில்தான் நடக்கிறது என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் அதைச் சொல்லவில்லை. அவர் சுற்றிலும் பார்த்து, கடைசியில் ஸ்டூலைப் பார்த்தார். “சாதாரண குடும்பம் ஒண்ணை எடுத்துக்குவோம். ஏம்ப்பா, உங்க வீட்டம்மா என்ன பண்றாங்க?”

எழுத்தர் தலை நிமிர்ந்தார். எதிரே எட்டுக் கோட்டுகள். நாடு ஒன்று என்று காட்ட எல்லா உறுப்பினர்களும் ஒரே மாதிரி அரக்கு நிறக் கோட்டு போட வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம். முழுசாக நிறைவேறிய தீர்மானம் இதுவரை அது ஒன்றுதான். கோட்டுக்கு ஆறு பொத்தான், அதே துணி போர்த்தியது. நாற்பத்தெட்டுப் பொத்தானும் தையல்காரர் கொடுத்தனுப்பிய துண்டுத் துணியில், எழுத்தர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் திருகிப் பொருத்திய கையழுத்தி என்ற சின்ன எந்திரத்தில், அவர் மனைவி அடித்தவை. அவருக்கு அது தெரியும். ஆனால் அரசு ஊழியர் வீட்டில் யாராவது வியாபாரம் செய்தால் மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. அதற்கான படிவத்தை ஆறு வருடத்துக்கு முன்பே வாங்கி, நல்ல பேனா கிடைக்கட்டும் என்று பத்திரமாக வைத்திருந்தார்.

“வீட்ல சும்மாதான் இருக்கா சார்.”

“கேட்டீங்களா!” என்றார் ஆலைக்காரர்.

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளும் தாமாகவே வளைந்தன. “எழுதிக்கொள்ளுங்கள். தொழில், அடைப்புக்குறி, வீட்டினுள் செய்யப்படும் வேலை நீங்கலாக, அடைப்புக்குறி முடிவு.” இரண்டு நாள் சிக்கல் இரண்டு வளைவுகளில் தீர்ந்தது. வக்கீலம்மா மட்டும் எழுத்தரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கு அச்சக வண்டி வரும், சுத்தப் பிரதி தயாராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

எழுத்தருக்கு உட்கார முடியவில்லை. சுத்தப் பிரதியை எழுதினார், படித்தார், பையில் வைத்தார், எடுத்து மறுபடி படித்தார். பிழையே இல்லை. அதுதான் கலக்கமாக இருந்தது. இன்று அச்சேறும் வரைவு நாளைக் காலை எல்லாப் பதிவு அலுவலகங்களுக்கும் போய்விடும். சட்டம் நிறைவேறும்வரை வரைவின்படியே நடக்க வேண்டும் என்று போன வாரமே சுற்றறிக்கை வந்திருந்தது. அதையும் அவர்தான் நகல் எடுத்திருந்தார். இரண்டு தெரு தள்ளி வீடு. நடந்தார். பாதி வழியில் ஏன் நடக்கிறோம் என்று நின்றார். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டியதும் மறுபடி நடந்தார்.

மனைவி மேசையில் இருந்தாள். ஒரு தட்டில் தகர மூடிகள், ஒரு தட்டில் வட்டமாக வெட்டிய நீலத் துணி. துணியை வைத்து, மூடியை வைத்து, கைப்பிடியை இறக்கினால் ‘டக்’. சாப்பாடு மூடி வைத்திருந்தது, பொத்தான் பெட்டிகளுக்கு நடுவே.

“என்னங்க இந்த நேரத்துல? உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்.”

“வந்தது நல்லதாப் போச்சு. சீருடை கம்பெனிக்காரர் போன் பண்ணார். பதிவு நம்பர் நாளைக்குக் கொடுத்தா வருஷம் பூரா ஆர்டர் நமக்குத்தானாம். இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்குவேன்னு சொல்லிட்டார். நாளைக்கு பத்தரைக்கு நான் பதிவு ஆபீஸ் போறேன். பின்னாடி ரூமை அடைச்சு இன்னொரு அழுத்தி போட்டா, பக்கத்து வீட்டு அக்காவும் வந்து உக்காருவாங்க.” டக். “நீங்க ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?”

அவர் உட்கார்ந்தார். உடனே எழுந்து தண்ணீர் குடித்தார்.

“இன்னிக்குக் குழுவுல உன்னைப் பத்திக் கேட்டாங்க.”

“என்னைப் பத்தியா? என்ன சொன்னீங்க?”

“சும்மா.”

“சும்மான்னா?”

“சும்மா இருக்கேன்னு.”

கைப்பிடி பாதியில் நின்றது. அவள் மெதுவாக அதை மேலே தூக்கினாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்து அவர் சன்னலைச் சாத்தப் போனார். அவள் போடவில்லை.

“பேப்பர் இருக்கா?”

கொடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியில் நெசவு பார்ப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். ஒரே வரிதான். அதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

“அப்ப நாளைக்கு அந்த ஆபீஸ்ல என்ன சொல்வாங்க?”

“வீட்டுக்குள்ள செய்யறதுக்குப் பதிவு கிடையாதுன்னு சொல்வாங்க.”

“உங்க ஆளுங்க கோட்டுல இருக்கிறதெல்லாம் என்ன, செடியில காய்ச்சுதா?”

“அந்தப் படிவம் நான் கொடுக்கவே இல்ல. ஆறு வருஷம். இப்ப சொன்னா விளக்கம் கேப்பாங்க. மெமோ கொடுப்பாங்க. பென்ஷனுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு...”

“ஆறு வருஷமா இந்த மேசையில ஒரு ஓரமாத் தள்ளித் தள்ளிச் சாப்பிட்டீங்களே, எதைத் தள்ளினீங்க? என் பொழுதுபோக்கையா?”

“அந்த அடைப்புக்குறியை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. நான் எழுத்தர்.”

“போட மட்டும் இருந்துச்சோ?”

அவள் காகிதத்தை மடிப்புக் குலையாமல் பையில் வைத்து, பையை அவர் தோளில் மாட்டினாள். “சாப்பிட்டுட்டுப் போங்க” என்று சொல்லவில்லை. கல்யாணமாகி அது முதல் தடவை. அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கி, இடது வலது மாறியிருப்பது தெரிந்து மறுபடி ஏறி, மாற்றினார். உள்ளே சத்தமே இல்லை. அதற்கு டக் டக் என்று கேட்டிருந்தாலே தேவலை.

அலுவலகம் வரும்வரை அவர் மூன்று விதமாக யோசித்தார். ரப்பரால் அழித்துவிடலாம், மையில் எழுதியது. காகிதத்தைத் தொலைத்துவிடலாம், இன்னொன்று எழுதச் சொல்வார்கள், எழுதப் போவதும் அவர்தான். மூன்றாவதை யோசிக்கும்போதெல்லாம் வேகமாக நடந்தார், அதிலிருந்து தப்பிப்பவர் மாதிரி. அப்படியே கூட்ட அறை வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

குழு கலைந்துகொண்டிருந்தது. பேராசிரியர் காகிதங்களைத் தட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். ஆலைக்காரர் எழுந்து பையைக் கையில் எடுத்துவிட்டார். கீழே அச்சக வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“ஐயா, ஒரு திருத்தம்.”

“நேரம் முடிந்துவிட்டதே” என்றார் பேராசிரியர். “எழுத்துப் பிழையா?”

“காலையில நான் சொன்ன பதில்ல ஒரு பிழை ஐயா.”

“எந்தச் சொல்?”

எழுத்தர் பையைத் தோளிலிருந்து இறக்கினார். “சும்மா” என்றார்.

பேராசிரியருக்குப் புரியவில்லை. சும்மா சொல்கிறாரா, சும்மாவைச் சொல்கிறாரா என்று நெற்றியைச் சுருக்கினார். வக்கீலம்மாவுக்குப் புரிந்தது. மாட்டிய கைப்பையைக் கழற்றி மேசையில் வைத்தார். “குறிப்புல ஏத்தணும் தலைவரே. குழு கேட்ட கேள்வி, அதுக்கு வந்த பதில். தப்புன்னா திருத்தம் பதிவாகணும். அந்தப் பதிலை வச்சுத்தானே அடைப்புக்குறி போட்டோம்.”

“பதிவாகட்டும்” என்றார் பேராசிரியர். பதிவு என்ற சொல்லுக்கு அவர் என்றைக்கும் மறுப்புச் சொன்னதில்லை. “யார் எழுதுவது?”

எழுதுவதற்கு அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார். அவர் ஸ்டூலுக்குப் போகாமல், நின்றபடியே மேசையில் நோட்டை விரித்தார். பதினெட்டு வருடக் குறிப்புகளில் ‘தலைவர் கூறினார்’, ‘உறுப்பினர் கூறினார்’ என்று ஆயிரம் முறை எழுதியிருக்கிறார். ‘எழுத்தர் கூறினார்’ என்று எழுத, பேனா பழக்கமில்லாத இடத்தில் கால் வைப்பதுபோல இழுத்தது. எழுதினார். ‘என் மனைவி’ என்று தொடங்கினார்.

“ஏய், யோசிச்சு எழுதுப்பா” என்றார் ஆலைக்காரர் தாழ்ந்த குரலில். “இதெல்லாம் உன் வேலைக்கே வந்து முடியும்.”

வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். பேனா நகர்ந்துகொண்டிருந்தது. வக்கீலம்மா எட்டிப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக வாய்க்குள் படித்தார். ஆலைக்காரர் ஒரு கையில் பையோடு, மறு கையால் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, உட்காருவதா போவதா என்று தெரியாமல் பாதி குனிந்து நின்றார். வண்டிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.